58,000 ரூபாய்ப் பெட்டியும் ஊறவைத்த கடலையும்

கெமரா ஒப்பரேஷன் பழக நான் வாங்கிய பெட்டி வந்து சேர்ந்த அன்று நுவரெலியாவில் காலையிலிருந்தே பனிமூட்டமும் தூறலும். கூரியர்க்காரத் தம்பி குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று அதை ஒருதடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, “மிஸ், உள்ளுக்கு என்னமோ ஒடஞ்சிருக்கு போல, கலகலங்குது” என்றார். ஒன்றும் உடையவில்லை. இரண்டு கிராஸ்பர் (பிடித்துத் தூக்குகிற கருவி), ஒரு மேரிலண்ட் (வளைந்த நுனியுள்ள இடுக்கி), ஒரு கத்தரிக்கோல், ஒரு நீடில் ஹோல்டர் (தையலூசியைப் பிடிக்கிற கருவி), இத்தனையையும் ஒரு துண்டு ஸ்பொன்ஜ்கூட வைக்காமல் அப்படியே உள்ளே போட்டு அனுப்பியிருந்தார்கள். 58,000 ரூபாய்ச் சாமானை அனுப்புகிற லட்சணம் அது. இரண்டு மாத ஓவர்டைம் காசில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஏழு மாதம் பாவித்துவிட்டேன், அதனால் இப்போது எழுதலாம்.

முதலில் இது என்ன பெட்டி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள், நான் என்ன படிக்கிறேன் என்றே அவர்களுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. நம் ஊரில் ‘கெமரா ஒப்பரேஷன்’ என்கிறோமே, வயிற்றைக் கிழிக்காமல் மூன்று நாலு சின்ன ஓட்டை போட்டு, கெமராவையும் நீளக் கருவிகளையும் உள்ளே விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே பித்தப்பையை எடுப்பது, அதுதான் லப்ரஸ்கோபி. 1985 இல் எரிக் மூஹே என்கிற ஜெர்மன் சர்ஜன் முதல் தடவை பித்தப்பையை இப்படி எடுத்தபோது அவருடைய நாட்டு சர்ஜன்மாரே அதை ஏற்கவில்லை. இன்றைக்குப் பித்தப்பைக் கல் என்றால் முதலில் யோசிப்பதே இதைத்தான். பொக்ஸ் ட்ரெய்னர் என்பது ஆள் இல்லாத வயிறு: மேல்மூடியில் ரப்பர் பதித்த ஓட்டைகள், உள்ளே ஒரு கெமரா, ஒரு எல்.ஈ.டி. விளக்கு, அடியில் பழகுவதற்கான பலகைகள். கெமராவை லெப்டொப்பில் செருகிவிட்டு, கருவிகளை ஓட்டை வழியே விட்டு, திரையைப் பார்த்து வேலை செய்ய வேண்டியதுதான்.

ஏன் சொந்தக் காசில் வாங்கினேன் என்றால், ஒப்பரேஷன் தியேட்டரில் எங்களைப் போன்ற புது ரெஜிஸ்ட்ராருக்கு, அதாவது பயிற்சியில் இருக்கும் சர்ஜனுக்கு, கிடைக்கிற கைவேலை அவ்வளவுதான். ஒரு நாள் ஒப்பரேஷன் லிஸ்ட்டில் இரண்டு பித்தப்பை இருந்தால் ஒன்றைப் பொறுப்பான மூத்த சர்ஜன், அதாவது கன்சல்டன்ட், செய்வார், மற்றதை சீனியர் ரெஜிஸ்ட்ரார் செய்வார், எனக்குக் கெமரா பிடிக்கிற வேலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மேசையில் படுத்திருப்பது என் மாமியாக இருந்தால் நானும் கைதேர்ந்தவரைத்தான் தேடுவேன். அதோடு, லிஸ்ட் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையும் எங்கள் செட்டுக்கு இல்லை. 2022 மார்ச் கடைசியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தார்களே, அந்தக் காலத்தில் தொழிலுக்கு வந்தவர்கள் நாங்கள். தியேட்டர் பூட்டினால் நோயாளிக்கு வலி நீளும், பழகுகிறவனுக்குக் கையும் மரத்துப்போகும்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

முதல் நாள் இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். ஆறு சின்ன ரப்பர் வளையம், பலகையில் குச்சி மாதிரி நிற்கிற பன்னிரண்டு முளை. இடது கைக் கருவியால் வளையத்தைத் தூக்கி, நடுவில் வலது கைக்கு மாற்றி, அந்தப் பக்க முளையில் போட வேண்டும், ஆறும் முடிந்தபின் திரும்ப இந்தப் பக்கம். அமெரிக்காவில் எஃப்.எல்.எஸ். என்று லப்ரஸ்கோபி அடிப்படைத் திறனுக்கு ஒரு பரீட்சை இருக்கிறது, 2009-10 கல்வியாண்டிலிருந்து சத்திரசிகிச்சைப் பயிற்சியை முடிப்பவர்கள் அதில் தேறினால்தான் சர்ஜனுக்குரிய சபைத் தகுதி என்று அங்கே விதித்தார்கள். அதன் ஐந்து பயிற்சிகளில் முதலாவது இதுதான், ஆக லேசானதும் இதுதான். நான் எடுத்த நேரம் 5 நிமிஷம் 20 செக்கன், அதுவும் இரண்டு வளையத்தை விழுத்தி.

காரணம் புத்தகத்தில் பத்துத் தடவை படித்ததுதான். கருவி வயிற்றுச் சுவரில் ஓட்டை வழியாகப் போவதால் அந்த ஓட்டைதான் சீசோப் பலகையின் நடுக்கட்டை. கைப்பிடியை வலப்பக்கம் கொண்டுபோனால் உள்ளே நுனி இடப்பக்கம் போகும், மேலே தூக்கினால் கீழே இறங்கும். அதோடு திரை தட்டை, ஆழம் தெரியாது, முளைக்கு நேர் மேலே வளையம் நிற்கிறது என்று நினைத்து விட்டால் அது அரை அங்குலம் முன்னால் போய் விழும். தெரிந்த விஷயம்தான், ஆனால் அது என் தலைக்குத்தான் தெரியும், கைக்குத் தெரியாது. வாரவிடுமுறைக்குத் தலவாக்கலையிலிருந்து வந்திருந்த அம்மா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்னா புள்ள, இம்புட்டுப் படிச்சிட்டு ராவுல சொப்பு வெச்சி வெளயாடுற” என்றார். பிறகு, “எங்கிட்ட தா” என்று வாங்கிப் பார்த்தார். முப்பது வருஷம் இரண்டு கையாலும் கொழுந்து பறித்தவர். ஒரு வளையத்தைக்கூடத் தூக்க முடியவில்லை. “இது கண்ணக் கட்டி வுட்ட மாதிரி இருக்கே” என்று கருவியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இருபத்தோராம் நாள் நேரம் 1 நிமிஷம் 10 செக்கன். நாற்பதாம் நாள் 52. எஃப்.எல்.எஸ். பயிற்சிக்கு வைத்திருக்கும் இலக்கு 48 செக்கன், அதையும் ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் தொட்டால் போதாது, அடுத்தடுத்து இரண்டு தடவையும் அப்புறம் விட்டு விட்டுப் பத்துத் தடவையும் தொட வேண்டும். இந்தப் ‘பத்துத் தடவை’ என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. நான் ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் செய்யவில்லை, அவசர அழைப்புக்குக் காத்திருக்கும் ஓன்கோல் இரவுகளில் அதுவும் இல்லை. நேரத்தைச் சுவர்க் கலண்டரில் பென்சிலால் குறித்து வைத்தேன். குறிக்காத கிழமைகளில் முன்னேற்றமே இல்லை, ஏனென்று தெரியாது, குறிக்காவிட்டால் கை ஏமாற்றுகிறது.

இனிக் குறைகள். முதல் குறை, மன்னிக்க முடியாத குறை, நீடில் ஹோல்டர். மற்றக் கருவிகள் பரவாயில்லை, இது மட்டும் குப்பை. ஊசியைப் பிடித்துப் பூட்டினால் ‘டிக்’ என்று சத்தம் வருகிறது, ஆனால் ஊசி வாயில் நிற்காமல் சுழல்கிறது. தையலுக்கு ஊசி நேர்க்குத்தாக நின்றால்தான் அதன் வளைவிலேயே சுழற்றிக் குத்த முடியும், அது சாய்ந்து சாய்ந்து போனால் எவ்வளவு பழகினாலும் பிழையான பழக்கம்தான் கையில் ஏறும். இரண்டு கிழமை என் கையில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஊசியைப் பூட்டிவிட்டு விரலால் லேசாக இழுத்துப் பார்த்தேன், வெண்ணெயிலிருந்து வருகிற மாதிரி வந்தது. வாங்குகிறவர்கள் முதல் நாளே இப்படி இழுத்துப் பாருங்கள், மாற்றிக் கேட்கிற தவணை ஏழு நாள்தான். நான் வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். ‘கருவியில் பிழை இல்லை, பாவிப்பவருக்குப் பழக்கம் போதாது’ என்று பதில் வந்தது. பழக்கம் போதாததால்தானே ஐயா பெட்டியே வாங்கினேன்!

கடைசியில் வேலையில் எனக்கு மூத்த ஓர் அக்கா இங்கிலாந்துக்குப் போகும்போது தன்னுடைய நீடில் ஹோல்டரைத் தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் உள்ளேயே முடிச்சுப் போடுகிற பயிற்சி உருப்பட்டது. இது பெட்டியில் இருக்கிற ஆகக் கஷ்டமான வேலை. முதல் சுற்று இரட்டை, பிறகு இரண்டு ஒற்றைச் சுற்று, ஒவ்வொன்றுக்கும் ஊசியைக் கை மாற்ற வேண்டும். இலக்கு 112 செக்கன். நூலை 15 சென்டிமீற்றருக்கு மேல் விடாதீர்கள், நீளமாக விட்டால் உள்ளே கொடியில் காயப்போட்ட உடுப்பு மாதிரி ஆகிவிடும். தைப்பதற்கு விலை கூடின ரப்பர்க் குழாய் வேண்டாம், கிழிந்த கையுறையின் விரலை வெட்டி, நடுவில் ஒரு கீறல் போட்டு, இரண்டு பக்கமும் பேனையால் புள்ளி வைத்தால் போதும்.

இரண்டாவது குறை கைப்பிடி. எனக்குக் கையுறை 6ஆம் நம்பர். இந்தக் கைப்பிடிகள் யாரோ எட்டாம் நம்பர் ஆளுக்குச் செய்தவை. பெருவிரலை வளையத்துக்குள் முழுக்க நுழைத்தால்தான் பூட்டை எட்ட முடிகிறது, பதினைந்து நிமிஷத்தில் பெருவிரல் அடியில் விறைத்துவிடும். தியேட்டரில் இருக்கும் கருவிகளிலும் இதே பிரச்சினைதான் என்பதால் பெட்டியை மட்டும் திட்ட மனசு வரவில்லை, ஆனாலும் சின்னக் கை உள்ள தங்கச்சிமார் வாங்குமுன் யோசியுங்கள். உயரத்தையும் கவனியுங்கள். சாப்பாட்டு மேசையில் வைத்தால் தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். முழங்கை நேர்கோணத்தில், அல்லது அதைவிடக் கொஞ்சம் விரிந்து நிற்கிற உயரம் வேண்டும். என்னுடையதைக் கடைசியில் கவிழ்த்துப் போட்ட அரிசி வாளிக்கு மேல் வைத்தேன், லெப்டொப் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே.

கெமரா பரவாயில்லை. வயரை நேரடியாகச் செருகுங்கள். போனை உள்ளே வைத்து வயர்லஸில் டீவிக்கு அனுப்பிப் பார்த்தேன், கை அசைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் படம் அசைகிறது, அந்த இடைவெளிக்குள் கருவி முளையில் மோதிவிடும். போன்தான் என்றால் ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கருவி நுனி அசையும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். அப்புறம் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை: ஜன்னல் திறந்திருந்தால் ஆறு மணிக்குப் பனி உள்ளே வந்து லென்ஸில் படிந்துவிடும். தென்மேற்குப் பருவ மழை தொடங்கியதும் பெட்டியின் மர அடித்தட்டில் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது, தைத்துப் பழகக் கூடவே வந்த சிலிக்கோன் தோலிலும் புள்ளி புள்ளியாக. வெயில் ஊர்க்காரன் வடிவமைத்த சாமான் என்பது அப்போதே தெரிந்தது. தோலை நான் ஏற்கெனவே கைவிட்டிருந்தேன், முப்பது தையலிலேயே பிய்ந்து போனது.

அந்த இடத்தில் வந்ததுதான் கடலை. ரப்பர் வளையத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது ஒன்றும் சொல்லாது, ஆனால் குடலை அப்படிப் பிடித்தால் நசிந்துவிடும். ஒருநாள் கடலை தாளிக்க ஊறவைத்திருந்தேன், சும்மா இரண்டைப் பெட்டிக்குள் போட்டுக் கிராஸ்பரால் தூக்கினேன். தோல் ‘சளக்’ என்று கழன்று வந்தது. கொஞ்சம் மெல்லப் பிடித்தால் வழுக்கி ஓடியது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிடி இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் ஆறு கடலை, தோல் கழன்றால் நேரத்தோடு பத்துச் செக்கன் கூட்டிக்கொள்வது. 58,000 ரூபாய்ப் பெட்டியில் எனக்கு ஆகப் பிரயோசனமாக இருந்தது ஒரு கைப்பிடிக் கடலை என்று சொன்னால் விற்றவர் கோபிப்பார், கோபிக்கட்டும்.

குடல் தைத்துப் பழகுவதற்கு மார்க்கட்டில் இறைச்சிக்கடை நானாவிடம் போனேன். “நானா, ஆட்டுக்குடல் ஒரு முழம் வேணும். கத்தி படக்கூடாது, சுடுதண்ணி ஊத்தக்கூடாது.” அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எதுக்கு டொக்டர், மருந்துக்கா?” தைத்துப் பார்க்க என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப ரெண்டு முழமா கொண்டு போங்கோ, ஒண்டு பிழைச்சா மத்தது” என்றார். அன்றிலிருந்து அதற்குக் காசு வாங்குவதில்லை, ஆனால் போன தடவை தைத்ததைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறார். இது பெட்டிக்கு வெளியே, மேசையில் செய்கிற வேலை. இரண்டு முனையையும் இணைத்துத் தைத்தபின் ஒரு பக்கத்தைக் கட்டிவிட்டு ஆறின பிளேன்டீயை ஊற்றிப் பார்ப்பேன். ஒழுகினால் எந்தத் தையல் என்று நிறமே காட்டிக்கொடுக்கும். குவார்ட்டர்ஸில் கூட இருப்பவர்கள் பொதுக் குளிர்சாதனப் பெட்டியில் எனக்கென்று ஒரு தட்டை ஒதுக்கி, சிவப்பு மையால் ‘சாப்பிட வேண்டாம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

இதோடு ஒப்பிட ஒன்று இருக்கிறது. பெட்டி வாங்கிய பிறகு கண்டியில் ஒரு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போனேன், யார் நடத்தியது என்று எழுதப் போவதில்லை. அங்கே ஒரு வீ.ஆர். இயந்திரம் (கணினி உருவாக்குகிற போலி வயிற்றில் பழகுவது) இருந்தது, பல இலட்சம் பெறும். பித்தப்பை திரையில் பளபளவென்று தெரிகிறது, பிழையாக வெட்டினால் இரத்தம் வருகிறது, முடிந்ததும் கை எத்தனை மீற்றர் அலைந்தது என்று கணக்கும் சொல்கிறது. அருமை. ஆனால் நாங்கள் இருபத்திரண்டு பேர், இயந்திரம் ஒன்று, எனக்குக் கிடைத்தது பதினொரு நிமிஷம். மிச்ச நேரம் வரிசையில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டோம். வீ.ஆர். வீண் என்று சொல்ல முடியாது, 2002 இல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வு அந்தப் பட்டறையிலும் வந்தது: வீ.ஆர். இல் பழகியவர்கள் உண்மையான பித்தப்பையை ஈரலிலிருந்து பிரிக்க 29 வீதம் குறைந்த நேரம் எடுத்தார்கள், பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. பதினாறு பேரை வைத்துச் செய்த ஆய்வுதான், இருந்தாலும் இந்தத் துறையையே திருப்பியது அது. ஆனால் அவர்கள் ஒரு இலக்கை எட்டும் வரைக்கும் பழகினார்கள். பதினொரு நிமிஷம் இல்லை.

2006 இல் டொரொன்டோவிலிருந்து இன்னொன்று வந்தது, எனக்கு அதுதான் உறைத்தது. 38 பயிற்சி மருத்துவர்கள், மெல்லிய இரத்தக்குழாயைத் தைத்து இணைக்கிற நாலு பாடம். பாதிப்பேருக்கு எல்லாம் ஒரே நாளில், மற்றவர்களுக்குக் கிழமைக்கு ஒன்று. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கிழமைக்கு ஒன்று படித்தவர்கள்தான் மேலே நின்றார்கள். அம்மா இதைக் கேட்டால், மண்டைக்குள் ஒரேயடியாகத் திணித்தால் எப்படி நிற்கும், இதற்கு ஆராய்ச்சி வேறா என்பார். இரண்டு நாள் பட்டறைக்குக் கட்டிய காசும் கண்டிக்குப் போய்வந்த செலவும் சேர்த்தால் அரைப் பெட்டி வாங்கியிருக்கலாம்.

ஆனால் பட்டறையில் பெட்டியால் தரவே முடியாத ஒன்று கிடைத்தது. ஓய்வுபெற்ற சர்ஜன் ஒருவர் கையில் மதிப்பெண் தாளோடு பக்கத்தில் உட்கார்ந்து, நான் தைப்பதை வாயே திறக்காமல் பார்த்தார். முடிந்ததும், “ஒவ்வொரு தடவையும் ஊசியை மூன்று முறை சரிசெய்கிறீர்கள், முதல் முறையே சரியாகத்தான் இருக்கிறது, நம்புங்கள்” என்றார். ஏழு மாதக் கலண்டரில் பென்சிலால் குறித்த எந்த எண்ணும் எனக்கு இதைச் சொல்லவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அவர்தான் சொன்னார், பழங்கால இந்திய சத்திரசிகிச்சை ஆசான் சுஸ்ருதர் தன் மாணவர்களுக்கு வெட்டப் பூசணியும் சுரையும் வெள்ளரியும் கொடுத்தாராம், தைக்கத் துணியும் தோலும். கடலையை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

சரி, தியேட்டரில் பிரயோசனப்பட்டதா? பட்டது. போன மாதம் ஒரு குடல்வால் ஒப்பரேஷனில், எங்கள் கன்சல்டன்ட் சேர், குடல்வாலின் அடியில் சுருக்குக் கயிறு போடுகிற வேலையை என்னிடம் தந்தார். கை திசை மாறவில்லை. நுனி நினைத்த இடத்துக்குப் போனது, சுருக்கு முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. உள்ளுக்குள் பூரித்துப்போன அந்த நேரம் பார்த்து சேர் ஆங்கிலத்தில் அமைதியாகக் கேட்டார்: “உங்கள் இடது கை எங்கே?” திரையில் இல்லை. என் இடது கைக் கருவி படத்துக்கு வெளியே எங்கோ நின்றது, எங்கே என்று எனக்கே தெரியாது. ஒன்றும் ஆகவில்லை, கெமராவைப் பின்னால் இழுத்துப் பார்த்து எடுத்தோம். பெட்டியில் கெமரா ஓரிடத்தில் அசையாமல் நின்று எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே இருக்கிறது, இரண்டு கையும் எப்போதும் கண்ணுக்குள். வயிற்றில் கெமராவைப் பிடிப்பது தூக்கம் கெட்ட ஒரு ஹவுஸ் ஒஃபிசர் (படிப்பை முடித்து வந்த புது டொக்டர்), மூச்சுக்கு மூச்சு எல்லாம் ஏறி இறங்குகிறது, கொழுப்பு வந்து மறைக்கிறது, இரத்தத்தை உறிஞ்சப் போனால் வாயுவும் சேர்ந்து போய் வயிறு அமுங்குகிறது. எப்போது நிறுத்தி வயிற்றைத் திறக்க வேண்டும் என்பதைக் கடலை சொல்லித் தராது. அதன் பிறகு பெட்டியில் பழகும்போது வேண்டுமென்றே கெமராவைக் கிட்ட வைத்தேன், ஒரு கருவி வெளியே போனால் நேரத்தை நிறுத்திவிட்டு முதலில் இருந்து.

வாங்கலாமா? சத்திரசிகிச்சைக்குத்தான் போவது என்று முடிவெடுத்தவர்கள் வாங்கலாம், ஆனால் இந்த முழு செட்டை இல்லை. கருவிகளை மட்டும், அதிலும் நீடில் ஹோல்டரை நல்லதாகப் பார்த்து, தனியாக வாங்குங்கள். பெட்டிக்கு, வெளிச்சம் உள்ளே போகிற வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சூடான கம்பியால் மூன்று ஓட்டை, பழைய ஸ்லிப்பரின் ரப்பரை வெட்டி ஒட்டினால் சரி, பூஞ்சணமும் பிடிக்காது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது, ஒருவர் செய்ய மற்றவர் பார்த்துச் சொல்லலாம். பெட்டிக்கு ஐந்தில் மூன்றரை, நீடில் ஹோல்டருக்கு அரை, விற்றவரின் பதிலுக்குப் போட என்னிடம் நட்சத்திரம் இல்லை.

பெட்டி இப்போது என்னிடம் இல்லை. புதிதாக வந்த ஹவுஸ் ஒஃபிசர் தங்கச்சி ஒரு கிழமைக்கு என்று கேட்டுக் கொண்டுபோய் மூன்று கிழமை ஆகிறது. நேற்று இரவு பதினொன்றரைக்குப் போன் எடுத்தாள், ஆஸ்பத்திரி வோட்டில் ஏதோ அவசரம் என்று பதறி எழும்பினேன். “அக்கா, 4 நிமிஷம் 50. கடலையை எத்தனை மணித்தியாலம் ஊறப் போடணும்? என்னுடையது தூக்கினதும் ரெண்டாப் பிளக்குது.”